புதன்கிழமை வண்டி

டாக்டர் நேசையனின் மோட்டார் சைக்கிள் எங்கள் முற்றத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும், வெள்ளை மணலில் ஒரு தோசை அகலத்துக்குக் கறுப்பு வட்டம் விழுந்துவிடும். புதன்கிழமைதோறும் அவர் போனபிறகு அந்த எண்ணெய் மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் தோண்டி வேலியோரம் கொட்டுவது என் வேலை. கொட்டும்போது நாலு வார்த்தை ஏசாமல் இருக்க என்னால் முடியாது. ஏச்செல்லாம் வண்டிக்குத்தான். டாக்டரை ஏச எனக்கு நாக்கு எழும்பாது. என் மகள் வியாகுலத்தின் வலதுகால் அவர் கையில் இருந்தது.

வியாகுல மாதா திருநாளன்று பிறந்தவள் என்பதால் வியாகுலம்மாள் என்று பெயர் வைத்தோம். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் இடதுகாலைப் பார்த்தபடி இருந்தது. பார்க்க வந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் கிரகணத்தன்று வெளியே இறங்கி நின்றிருப்பேன் என்றாள் ஒருத்தி. இறால் தின்றதால் வந்தது என்றாள் இன்னொருத்தி. கடற்கரையில் இறால் தின்னாத பிள்ளைத்தாய்ச்சி எங்கே இருக்கிறாள்? இரண்டுபேரையும் வந்த வழியே அனுப்பிவைத்தேன். ஆனால் ஒன்பதாம் மாதத்தில் பிள்ளை என் சேலையைப் பிடித்து எழும்பி நிற்கத் தொடங்கினாள். ஈர மணலில் இடதுகால் முழுசாகப் பதிந்தது. வலதுகாலுக்கு ஓரத்தில் ஒரு கீறல் மட்டும்தான் விழுந்தது. அந்தக் கீறலைப் பார்த்து நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அது கொல்லம் ஆண்டு 1109, ஆனி மாதம். மீன் விற்கப் போன இடத்தில், பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கால்களை நேராக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "அது பதிதக்காரன் ஆஸ்பத்திரியாக்கும்" என்று ஊரில் இழுத்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புரொட்டஸ்டண்டு. "காலுக்கு என்ன வேதம்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

டாக்டர் நேசையன் ஒல்லியான மனிதர். தலையில் ஒரு கம்பளித் தொப்பி. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். காது வரைக்கும் இறங்கி நிற்கும். அவர் வியாகுலத்தின் காலை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார்.

"பன்னிரண்டு மாவுக்கட்டு, வாரத்துக்கு ஒண்ணு" என்றார். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கட்டணும். ஒரே அடியா திருப்ப முடியாது. நடுவுல நின்னுட்டா பாதம் பழைய இடத்துக்கே போயிரும். பிறவு எலும்பு முத்திப் போவும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

முதல் மூன்று கட்டுக்கு நான் நடந்தேன். ஆனி மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓலைக்குடைக்கு அது பயப்படாது. மூன்றாவது கட்டு வீடு வந்து சேரும்போது கஞ்சியாகக் கரைந்து என் இடுப்பில் வழிந்தது. கட்டுப் போட்டால் ஒரு நாள் முழுக்க அசையாமல் காயவேண்டும். ஆஸ்பத்திரியிலோ காய்ச்சல்காரர்கள் தரையில்கூடப் படுத்திருந்தார்கள், கைப்பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள வழியில்லை. அப்போதுதான் டாக்டர், "புதன்கிழமை கடற்கரைச் சுத்துக்கு வருவேன். வீட்டுக்கே வந்து கட்டுதேன்" என்றார். அவர் அப்படிச் சொன்ன நாளில் இருந்து எனக்கு வாரத்தில் ஒரே ஒரு கிழமைதான். படபடவென்று தெற்கே வரும் அந்தச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் சோறு இறங்காது.

ஏழாவது கட்டுக்கு வந்த அன்று டாக்டரின் முழங்காலில் ரத்தம். தொப்பியில் செம்மண்.

"கியர்பெட்டி எண்ணெய் பூரா பின்சக்கரத்துல வடிஞ்சு, இறக்கத்துல சறுக்கிட்டு" என்று சிரித்தார். கட்டுப் போட்டு முடிக்கும் வரைக்கும் அந்தச் சிரிப்பை வைத்திருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் நேத்து கூப்பிட்டாரு. போன மாசம் ரெண்டு தடவ வண்டி வழியில நின்னு போச்சில்லியா? இன்னும் ஒரு தடவ நின்னா வண்டிய மலை எஸ்டேட்டுக்குக் குடுத்துருவாராம். கடற்கரைச் சுத்து நிறுத்தம்."

"பிள்ளைக்க கால்?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியில் இருந்த செம்மண்ணைத் தட்டினார். இன்னும் ஐந்து கட்டு பாக்கி.

இதையெல்லாம் எங்க வீட்டுக்காரர் வள்ளத்துக்கு அடியில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஆனால் இங்கே சொல்லாமல் முடியாது: சூசை. வள்ளம் கட்டுகிறவர். பலகைகளைக் கயிற்றால் தைத்து, மூட்டுகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே ஏறாது. ஆனி ஆடியில் கடல் பொங்கிக் கிடக்கும் காலத்தில் நாலு துறைக்காரர்கள் தங்கள் வள்ளங்களை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சம் அல்ல. கூரை ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்வார், வள்ளம் ஒழுகுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் சாப்பிடமாட்டார்.

"டாக்டரே, இந்தச் சவம் இப்பிடி ஒழுவுதே, அடைக்க ஒரு ஆளு இல்லியா உங்க ஊருல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நாகர்கோவில்ல பஸ்ஸு ரிப்பேர் பாக்கியவங்கிட்டக் காட்டினேன் மேஸ்திரி. இது பஸ்ஸு இல்லன்னு சொல்லிட்டான்."

"வெள்ளம் உள்ள கேறாம அடைக்கியவனுக்கு எண்ணெய் வெளிய போவாம அடைக்கத் தெரியாதா? நீங்க அந்த நெழல்ல இருந்து காய்ச்சல்காரங்களப் பாருங்க. நான் இதப் பாக்கேன்."

டாக்டரின் பையில் இருந்த ஸ்பானர்களை வைத்துக்கொண்டு அவர் வேலையில் இறங்கினார். கியர்பெட்டி என்பது இஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். எண்ணெய் போனால் பல் தேயும், வண்டி நின்றுவிடும். டாக்டர் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். எண்ணெயைச் சட்டியில் வடித்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, எங்க வீட்டுக்காரர் வள்ளத்தின் மூட்டைத் தடவுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். மூன்று இடத்தில் குற்றம் இருந்தது. அடியில் எண்ணெய் வடிக்கும் திருகாணியின் செம்பு வளையம் நசுங்கி இறுகிப் போயிருந்தது. பக்கத்து மூடிக்கு இடையில் வைத்த காகிதம் கிழிந்திருந்தது. தண்டு வெளியே வரும் வாயில் இருந்த கம்பளி வளையம் காய்ந்த கருவாடாகிவிட்டிருந்தது.

செம்பு வளையத்தைச் சிரட்டைக் கனலில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். மறுபடி இளகிவிட்டது. காய்ச்சல் கணக்கு எழுதும் கெட்டி அட்டை ஒன்றை டாக்டரிடம் வாங்கி, மூடியின் அளவுக்கு உளியால் வெட்டி எண்ணெயில் ஊறவைத்தார். கம்பளிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியைத் தொட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"ஓரத்துல வெட்டிக்கிடும் மேஸ்திரி. எப்பிடியும் காதை மறைக்குது."

சாயங்காலத்துக்குள் எங்க வீட்டுக்காரர் எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியைச் சுத்தமான மணலில் நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழிந்தது, இரண்டு மணி நேரம் கழிந்தது. மணல் வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்க ஆள் அந்தக் கையைக் கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தார். எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை.

"ஏட்டி செசிலி, ஒரு காரியம் சொல்லுதேன் கேட்டியா?" என்றார், ரகசியம் போல. "பெட்டிக்கு மேல எண்ணெய் ஊத்துத மூடி இருக்குல்லா, அதுக்க நடுவுல ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை. செஞ்சவன் கண்ணுல படல்ல. டாக்டருக்க கண்ணுலயும் படல்ல. எனக்க கண்ணுல பட்டுது. பஞ்சும் குங்கிலியமும் வச்சு, மேல ஒரு புன்னைக்குச்சி அடிச்சு இறுக்கிட்டேன். டாக்டர்கிட்டச் சொல்லல்ல. வண்டி செஞ்ச வெள்ளக்காரனுக்கு ஏன் கொறச்சல்?"

எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த புதன் மாதா பரலோகத் திருநாள். பூசை முடிந்து ஊரே கடற்கரையில் நின்றது. எங்க வீட்டுக்காரர் வெளுத்த வேட்டியோடு, ஏழெட்டுப்பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, "இப்ப வருவாரு, நீங்களே பாருங்க, ஒரு சொட்டு மண்ணுல விழுந்தா எனக்க பேர மாத்துங்க" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வரவேண்டிய வண்டி வரவில்லை. பதினொன்றுக்கும் சத்தம் கேட்கவில்லை. உச்சி சாய்ந்த பிறகு, செம்மண் மேட்டில் இருந்து ஒரு ஆள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தது தெரிந்தது. டாக்டர்தான். கால்சட்டை இடுப்பு வரைக்கும் எண்ணெயில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"முன்னே சொட்டுச் சொட்டா போச்சு மேஸ்திரி" என்றார். "இப்ப பீச்சி அடிக்குது. மூணு மைலுக்கு அங்க நின்னு போச்சு."

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். எங்க ஆள் சிரித்தவரைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படித் தலைகுனிந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் எட்டாவது கட்டைப் போட்டார். வியாகுலம் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள், அதற்கும் சிரிக்கவில்லை. போகும்போது, "பெரிய டாக்டர் முன்னமே சொல்லி வச்சாச்சு, சனிக்கிழமை எஸ்டேட் ஆளு வண்டி பாக்க வருதாரு. அதுக்குள்ள எப்பிடியாவது சரியானா நான் பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவ மன்றாடிப் பாப்பேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். மாட்டு வண்டியில் அந்த மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தோம். கிளப்புவது எப்படி என்று காட்டிக்கொடுத்துவிட்டு டாக்டர் அந்த மாட்டு வண்டியிலேயே திரும்பினார். புது எண்ணெய் டின் ஒன்றும் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முழுக்க எங்க வீட்டுக்காரர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். செம்பு வளையத்தை மறுபடி காய்ச்சினார். டாக்டர் விட்டுப்போயிருந்த தொப்பியில் இருந்து இன்னொரு கம்பளி வளையம் வெட்டி இரட்டையாக வைத்தார். திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சும்மா நின்றபோது வண்டி ஒழுகவே இல்லை. ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து, இஞ்சினைக் கிளப்பிச் சக்கரத்தை ஓடவிட்டால், கால்மணி நேரத்தில் பெட்டி கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, தண்டு வாயில் இருந்து எண்ணெய் புஸ்ஸென்று வந்தது.

"நின்னா ஒழுவல்ல, ஓடினா ஒழுவுது. என்ன பேய் இது?" என்றார். சாப்பிட வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் புட்டு அவித்தேன். அன்றைக்கு ஆவணி ஒன்று, கொல்லம் 1110 பிறந்த நாள். நாள் நல்ல நாள்தான், மனம்தான் நல்லதாக இல்லை. பானையில் தண்ணீர் கொதித்தது. பானை வாயில் துணியைச் சுற்றி மூங்கில் புட்டுக்குழலை இறுக்கி நட்டேன். மாவும் தேங்காயும் போட்டு மேலே சிரட்டையைக் கவிழ்த்து அமுக்கினேன். எப்போதும் குழலின் மேல் சிரட்டைக் கண் வழியாக ஆவி வரும், புட்டு வெந்தது தெரியும். அன்றைக்கு மேலே ஆவி இல்லை. பானைக் கழுத்தில், துணிக்கு இடையில் இருந்து சீறிக்கொண்டு வந்தது. துணி நனைந்து அடுப்பில் சொட்டியது. துணி தளர்ந்துவிட்டது என்று இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். இன்னும் மோசமாகச் சீறியது. புட்டுக்குழலையும் விடாமல் ஏசினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். யோசனையில் கைக்குக் கிடைத்த வேறு சிரட்டையைக் கவிழ்த்திருக்கிறேன். அதற்குக் கண் திறக்கவே இல்லை. எடுத்துவிட்டு வழக்கமான சிரட்டையை வைத்தேன். ஆவி மேலே நூல் போல எழும்பியது. கழுத்தில் சீற்றம் அந்த நொடியே அடங்கியது. நான் சுற்றிய துணி அப்படியேதான் இருந்தது.

நான் அடுப்படியில் இருந்தே கத்தினேன்.

"இஞ்ச வாரும்! ஓடி வாரும்!"

அவர் கையெல்லாம் கறுப்பாக வந்து நின்றார். "என்ன ஏட்டி, தீப்பிடிச்சிட்டா?"

"அந்த மேல் மூடியில ஊசி ஓட்டை ஒண்ண அடைச்சேன்னு சொன்னீரே, அதத் தொறயும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒழுவுத பெட்டிக்கு ஓட்டையத் தொறக்கவா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"பெட்டி சூடாவுது, உள்ள காத்து வீங்குது. அது போவ ஒரு வழி வேணும். மேல வழி இல்லேன்னா கிடைச்ச இடுக்குல முட்டித் தள்ளிக்கிட்டு வரும், எண்ணெயையும் சேத்துத் தள்ளும். இந்தா, இந்தக் குழலப் பாரும்."

"நாப்பது வருசமா எங்க அப்பனும் நானும் ஓட்டைய அடைச்சுச் சாப்பிட்ட குடும்பமாக்கும் இது. ஓட்டை போட்டு எவனாவது வள்ளத்தக் காப்பாத்துவானா?"

"இது வள்ளம் இல்ல. வள்ளத்துக்குச் சத்துரு வெளிய நிக்கியான். இதுக்கு உள்ள நிக்கியான்."

"உனக்குப் புட்டு தெரியும். கியர்பெட்டி தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த கண்ணில்லாத சிரட்டையை அவர் காலடியில் வீசினேன். "உமக்கு உம்ம அடைப்பு பெருசா, பிள்ளைக்க கால் பெருசா? அதச் சொல்லிட்டுப் போம்!"

அவர் நின்றார். வியாகுலம் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு தரையில் கிடந்து, இந்தச் சத்தத்துக்கெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். குனிந்து சிரட்டையை எடுத்தார். திரும்பி வந்து அடுப்பின் முன்னால் குந்தினார்.

கண்ணில்லாத சிரட்டையைக் குழல்மேல் வைத்தார். கழுத்தில் சீறியது. எடுத்தார். அடங்கியது. மறுபடி வைத்தார், எடுத்தார். மூன்று தடவை செய்தார். என் புட்டு களியாகிவிட்டது, அதை நான் அப்போது சொல்லவில்லை.

"அப்ப, திருநாளன்னைக்கு அந்த மனுசன வழியில நிக்க வச்சது நானாக்கும்" என்றார்.

நான் களியான புட்டைக் குழலில் இருந்து தட்டினேன்.

வள்ளத்துப் பாய் தைக்கும் ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார். புன்னைக்குச்சியைப் பிடுங்கினார். குங்கிலியம் புகைந்து உருகியது. பஞ்சு நூல் நூலாக வெளியே வந்தது. மூடியைக் கழற்றித் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். தன் கையால் அடைத்ததைத் தன் கையால் திறப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்தபோது முந்தின நிமிஷம் வந்த கோபமெல்லாம் போய், அவர்மேல் எனக்கு ஒரே பிரியமாக இருந்தது.

மத்தியானம் டாக்டர் நடந்து வந்தார். எங்க வீட்டுக்காரர் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"டாக்டரே, தப்பு எனக்க மேலயாக்கும். மேல் மூடியில ஒரு ஓட்டை இருந்துது. செஞ்சவன் தெரியாம விட்டான்னு நெனச்சு அடைச்சேன். அவன் தெரிஞ்சுதான் விட்டிருக்கியான். கண்டுபிடிச்சது இவ."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மூடியைப் பார்த்தார். "எனக்கே தெரியாதே மேஸ்திரி" என்றார். "மருந்துப்பெட்டிதான் எனக்குத் தெரியும்."

வண்டியைக் கிளப்பினார். அடுத்த துறையின் கோவில் வரைக்கும் போய்த் திரும்பினால் நாலு மைல். சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. எங்க ஆள் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் பூசைக்குப் போடும் வெள்ளை முக்காட்டை எடுத்து மணலில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். அந்த முக்காடு என் கல்யாணத்துக்கு எடுத்தது. கறைபட்டால் பட்டுக்கொண்டு போகட்டும் என்று இருந்தது.

சத்தம் திரும்பி வந்தது. டாக்டர் வண்டியை முக்காட்டுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டி சூட்டில் டிக் டிக் என்றது. மூன்றுபேரும் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நூற்று ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லிவிடுகிற வேகத்தில் செபமாலை சொன்னேன். டாக்டரும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், அவர்கள் வழக்கப்படி. துணி வெள்ளையாக இருந்தது.

டப் என்று ஒரு சொட்டு விழுந்தது.

என் உயிர் ஒரு தரம் போய் வந்தது. டாக்டர் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"மேஸ்திரி, கொஞ்சம் தள்ளி இரியும்" என்றார். "இது உம்ம மூக்குல இருந்து விழுந்த வேர்வை."

எங்க ஆள் அப்படியே பின்பக்கமாக மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஆனாலும் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சேதி இல்லை. வண்டி எஸ்டேட்டுக்குப் போய்விட்டதா, டாக்டரின் மன்றாட்டு எடுபட்டதா, சொல்ல ஆள் இல்லை. புதன்கிழமை விடிந்ததும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செம்மண் மேட்டைப் பார்த்து நின்றேன். எங்க வீட்டுக்காரர் வள்ளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிற மாதிரி பாவனை செய்தார். ஒரு தட்டுச் சத்தமும் அங்கிருந்து வரவில்லை.

பத்து மணிக்கு முன்னேயே சத்தம் கேட்டது. தெற்கு நோக்கி வந்தது, படபடவென்று. நான் பிள்ளையின் கன்னத்தைக் கடித்துவிட்டேன், அவள் வீறிட்டு அழுதாள்.

"பெரிய டாக்டரே வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கிட்டு மலையடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பாத்தாரு" என்றார் டாக்டர், இறங்கும்போதே. "ஒரு புள்ளி கறை இல்ல. எஸ்டேட்காரனுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிட்டாரு." தலையில் தொப்பி இல்லாமல் நெற்றி வெயிலில் கறுத்திருந்தது. நான் அவருக்கு ஓலையில் ஒரு தொப்பி முடைந்து கொடுத்தேன். அதுவும் காதுவரைக்கும் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு புதன்கிழமைகள். வண்டி நிற்கும், போகும். எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் அது நின்ற இடத்தில் குந்தி மணலைப் பார்ப்பார். அந்த ஊசி ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மூடியைச் சுண்டித் துடைத்துக் கொடுப்பார். வேறு யாரையும் அதைத் தொடவிடமாட்டார்.

வியாகுல மாதா திருநாள் கழிந்து நாலாம் நாள் பன்னிரண்டாவது கட்டை வெட்டினார்கள். கால் மெலிந்து வெளுத்து, தோல் உரிந்து இருந்தது. எனக்குத் தொடப் பயமாக இருந்தது. "இனி ராத்திரி மட்டும் ஒரு தோல் செருப்பு கட்டணும். நடக்க நாளாவும். நிக்கலாம், நிறுத்திப் பாருங்க" என்றார் டாக்டர்.

காலையில் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தது. எங்க வீட்டுக்காரர் அவளுடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி, வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கினார். அவள் ஆடினாள். அவருடைய விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்றில் எண்ணிக்கை மறந்துபோனது. களைத்துக் காலை மடக்கியபோது அவர் வாரித் தூக்கிக்கொண்டார்.

மணலில் இரண்டு தடம் இருந்தது. இடதுகால், எப்போதும் போல. பக்கத்தில் வலதுகால். குதிகால், உள்ளங்கால், ஐந்து விரல்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்க வீட்டுக்காரர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த நான் மீன் சுமக்கும் ஓலைக் கடவத்தை எடுத்து வந்து, யாரும் மிதித்துவிடாதபடி அந்த வலதுகால் தடத்தின்மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

மூன்று நாள் அந்தக் கடவத்தை நான் எடுக்கவில்லை. மீன் விற்கப் போக அடுத்த வீட்டில் இரவல் வாங்கினேன்.